4 மாதக் குழந்தைக்கு பால், முட்டை, நிலக்கடலை ‘பாசிட்டிவ்’: அம்மா பத்தியம் இருக்கணுமா?

உசிலை சிஸ்டர்:
உசிலம்பட்டிப் பக்கம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற 4 மாதக் குழந்தை. ரெண்டு கன்னத்திலும் முன்கையின் வெளிப்பக்கத்திலும் கரப்பான் (எக்ஸிமா), சொறிஞ்சு நீர் வடியுது. தனியார் லேபில் பல உணவுகளுக்குச் சேர்த்து ரத்தப் பரிசோதனை எடுத்ததில் ஐஜிஇ (அலர்ஜி எதிர்ப்பொருள்) அளவு: பால் 0.48, முட்டை வெள்ளைக்கரு 1.2, நிலக்கடலை 0.40. அம்மா மூணையும் நிறுத்திட்டாங்க. அப்பத்தா தினமும் நல்லெண்ணெய் தேய்ச்சு, கடலை மாவு போட்டுக் குளிப்பாட்டுறாங்க. பத்தியம் தொடரணுமா? 6 மாதத்துல இந்த உணவுகளை எப்படி ஆரம்பிக்கிறது?

குழந்தை மருத்துவர், மதுரை:
சிஸ்டர், 0.35ஐத் தாண்டினாலே லேப் பாசிட்டிவ்னு அச்சடிச்சிடும். உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு வச்சிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். சாப்பிட்டா ஒத்துக்காதுன்னு அது சொல்லலை. தாய்ப்பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல தடிப்பு, வாந்தி இல்லைன்னா அம்மா எல்லாத்தையும் சாப்பிடலாம். பத்தியத்துல அம்மாவுக்குப் புரதமும் கால்சியமும் போகும், அவ்வளவுதான்.

வாயில வைக்காத நிலக்கடலைக்கு எப்படி ஐஜிஇ வந்துச்சு? பெரும்பாலும் தோல் வழியா. படுக்கையிலும் பெரியவங்க கையிலும் இருக்கிற துகள் வெடிச்ச தோல்ல இறங்கினா எதிரியா பதிவாகுது. குடல் வழியா முதல்ல போனா உடம்பு பழகிக்குது. லண்டன்ல கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை வச்சு ஆய்வு நடந்து, 2015ல முடிவு வந்தது. நிலக்கடலையே தராதவங்கள்ல 17.2 சதவீதத்துக்கு 5 வயசுல அலர்ஜி; கொடுத்தவங்கள்ல 3.2.

குடும்பத்துல ஆஸ்துமா, சிசேரியன், ஆன்டிபயாடிக் எல்லாம் அலர்ஜியோட தொடர்புள்ளதா சொல்றாங்க. இப்ப மாத்த முடியாதது. சிகரெட், சாம்பிராணிப் புகையை நிறுத்தலாம், மாத்த முடியறது தோல்.

தோல் பிரிவு:
கடலை மாவை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஜப்பான்ல கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்தின 2,000க்கும் மேற்பட்ட பெரியவங்களுக்கு, அதுவரை ஒத்துக்கிட்ட கோதுமை ஒத்துக்காமப் போச்சு. புண்ணான பிஞ்சுத் தோல்ல தினமும் பருப்பு மாவு தேய்ச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கலாம். எள்ளும் அலர்ஜி தரக்கூடியதுதான், அதனால கரப்பான் ஆறும் வரை நல்லெண்ணெயும் வேண்டாம். அப்பத்தாகிட்ட ‘எண்ணெய் கெட்டது’ன்னு சொல்லாதீங்க, சண்டைதான் வரும். ‘புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்’னு சொல்லுங்க.

வெதுவெதுப்பான தண்ணியில 5 நிமிஷம், நுரைக்காத சோப்பு, துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள வெள்ளை வாசலின். ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது. கஞ்சமா தடவுறதுதான் வழக்கமான தப்பு. டப்பாவுக்குள்ள விரல் விடாம சுத்தமான கரண்டியால எடுங்க. கடலையோ பாலோ தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாம தடவினா, மருந்தோட அலர்ஜிப் பொருளையும் சேர்த்துத் தேய்க்கிற கதைதான். நீர் வடியறதுக்கு மருத்துவர் எழுதித் தர்ற ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில விடாதீங்க.

உசிலை சிஸ்டர்:
நன்றி. லேப் பேப்பரைப் பார்த்துட்டுக் கடலைப்பருப்பையும் நிறுத்தியிருக்காங்க.

குழந்தை மருத்துவர், மதுரை:
அது வேற, இது வேற. லேப்ல பார்த்தது நிலக்கடலை.

நிலக்கடலைக்கும் முட்டைக்கும் சோதிக்காம முதல் வேளையை வீட்டுல வேண்டாம், எண் 0.35ஐத் தாண்டியிருக்கு. ஊசிமுனைத் தோல் சோதனை செய்யட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வாரத்துக்கு அலர்ஜி சிரப் கொடுத்திருக்கக் கூடாது. 15 நிமிஷத்துல தடிப்பு 2 மி.மீ. வரைன்னா வீட்டுல, 3 முதல் 7ன்னா மருத்துவமனையில வச்சு, 8 அல்லது அதுக்கு மேலன்னா அலர்ஜி நிபுணர்கிட்ட. இது நிலக்கடலைக்கான கணக்கு.

நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பூஞ்சை பிடிச்சதைப் பொறுக்கிட்டு, மையா அரைச்சு வெந்நீர்ல கரைச்சுக்கங்க. கரண்டி நுனி அளவு கொடுத்து 10 நிமிஷம் பாருங்க, அப்புறம் மீதி. முழுக்கடலை, கடலை மிட்டாய் கூடாது, மூச்சுக்குழாய்ல சிக்கும். ஒரு வேளைக்கு மொத்தம் 8 கிராம் கடலை, வாரம் 3 தடவை. ஆரம்பிச்சுட்டு நிறுத்தக் கூடாது. முட்டை நல்லா கெட்டியா வெந்திருக்கணும். ஆஃப் பாயிலும் கலக்கியும் நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு. எதையும் காலையில கொடுங்க, 2 மணி நேரம் கண்ணெதிர்ல இருக்கட்டும். சளி, காய்ச்சல் இருக்கிற நாள்ல ஆரம்பிக்காதீங்க.

தோல் பிரிவு:
உங்க நிலையத்துல இருக்கிற சிஸ்டர்களுக்கு: உடம்பெல்லாம் தடிப்போட மூச்சுத்திணறலோ, விடாத வாந்தியோ, துவண்டு போறதோ இருந்தா சிரப் தேடாதீங்க. 1 மில்லியில 1 மி.கி. உள்ள அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லி, 7 கிலோவுக்கு 0.07. தொடையின் வெளிப்பக்கத் தசையில. படுக்க வச்சு 108. 5 நிமிஷத்துல தேறலைன்னா இன்னொரு தடவை.