10,000 என்று அட்டையில் போட்டிருந்தது

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த விடியற்காலை. நான் பேராவூரணிப் பக்கம் சித்தப்பா வீட்டில் மாட்டிக்கொண்டேன். தென்னை சாய்ந்ததில் மின்கம்பங்களும் கம்பிகளும் கூடவே போயின. கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

என்னிடம் புது பவர் பேங்க் இருந்தது, 10,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). போன் 3,000. மூன்று தடவை முழுசாக ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டி "துபாய்ல இருக்கிற அப்பாகிட்ட பேசுப்பா" என்றேன். இரண்டு தடவை ஏறியது. மூன்றாவது தடவை பத்து சதவீதம்கூட ஏறாமல் விளக்குகள் அணைந்துவிட்டன. கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவன்மேல் தப்பில்லை என்று பிறகுதான் புரிந்தது. அட்டையில் உள்ள எண், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. அது 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அந்த மாற்றத்திலேயே 10,000 என்பது 7,400 ஆகிவிடும். சூடாகப் போவது வேறு. கடைசியில் 6,000 சொச்சம் தேறினால் நல்ல சரக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் அதையும் போட்டுத்தான் இருக்கிறார்கள், யார் பார்த்தோம்?

இப்போதெல்லாம் வாட் ஹவர், அதாவது வோல்ட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த மின் ஆற்றல், அதை மட்டும்தான் பார்க்கிறேன். என்னுடையது 37. விமானத்திலும் இதுதான் கணக்கு: பொதுவாக 100 வரை தனி அனுமதி வேண்டாம், ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்ன அனுபவமும் எனக்கு உண்டு.

அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் பிடிக்கிற சிலிக்கான் கார்பன் பேட்டரி வந்தபிறகு போனுக்குள்ளேயே 7,000 வைக்கிறார்கள். என் பழைய பவர் பேங்க் அதை ஒரு தடவை நிரப்புவதே சந்தேகம்.

சித்தப்பா கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். அவருடையது பட்டன் போன், பேட்டரி வெறும் 1,020. ஐந்தாம் நாள் ராத்திரி, தலைக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக் கொடுத்த வீட்டுக்கு நான் போனபோது, அந்தப் போனில் டார்ச் அடித்து வழி காட்டியவர் அவர்தான்.