இலையுதிர்காலத்தில் போஹோ (காய்ந்த புல், பின்னல், மண் நிறம் என்று அலங்கரிக்கும் பாணி) கல்யாணம்: மனத்தை விட்டுப் போகாத ஒன்றைப் பகிருங்கள்

மணப்பெண்ணின் அக்கா:
தங்கையின் கல்யாணம் முடிந்து இரண்டு வருடம். அந்தப் 'புஸ்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கனடாவில் ரொறன்ரோவுக்கு அருகே கலிடனில் ஒரு பண்ணை. கொட்டகைக்குள் தீ மூட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் மணவறையை வெளியே புல்தரையில் போட்டோம். மரச்சட்டத்தில் மக்ரமே என்ற கயிற்று முடிச்சுப் பின்னல், செங்கல் நிறத் துணி, தூண் இரண்டிலும் என் உயரத்துக்குப் பஞ்சுக் கதிரோடு காய்ந்த பம்பாஸ் புல். எல்லாம் நானும் சித்தி மகள்களும் கட்டியவை. பஞ்சு உதிரக்கூடாது என்று முதல்நாள் இரவு மூன்று குப்பி ஹேர்ஸ்பிரே அடித்தோம். காலையில் ஐயர் வந்து தூணைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன புல், பிள்ளை? ஓமத்துக்கு இவ்வளவு கிட்டவா?" என்று கேட்டார். "சும்மா அலங்காரம்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். நிறைகுடத்துக்கு மாவிலை வந்து சேரவில்லையே என்ற கவலை எனக்கு.

பொரியிடும் நேரம் காற்றுத் திரும்பியது. ஒரே ஒரு பொறிதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் இடப்பக்கக் கதிரில் பஞ்சே இல்லை, கரிய தண்டு மட்டும் நின்றது. மாமா தன் சால்வையால் அடித்து அணைத்தார். யாருக்கும் காயமில்லை. கூறைச் சேலைத் தலைப்பில் மட்டும் குன்றிமணி அளவில் ஓர் ஓட்டை. தங்கை அதை இதுவரை தைக்கவில்லை. ஐயரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டபோது நான் நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

பிராம்டன் வாசி:
நாங்கள் பம்பாஸ் வாங்கவே இல்லை. தண்டுக்குத் தண்டு விலை கேட்டதும் தலை சுற்றியது. நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்தில் அதே மாதிரி ஊதாப் பழுப்புக் கதிரோடு நாணல் காடாய் நின்றது. நானும் மாப்பிள்ளைத் தோழனும் கார் நிறைய வெட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனோம். குளக்கரையில் இறக்கியபோது பண்ணைக்காரப் பெரியவர் வந்தார். நாங்கள் வெட்டி வந்த நாணலின் பெயர் பிராக்மிட்டீஸ் என்று அவர்தான் சொன்னார். 2005-இல் கனடாவின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரம் என்று மத்திய வேளாண் துறை ஆய்வாளர்கள் சுட்டியது. ஒன்ராறியோவில் அதை வளர்ப்பதும் விற்பதும் புதிய இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை. எனக்கு அன்றுவரை எதுவும் தெரியாது.

அவர் திட்டவில்லை. கதிர்களைக் கறுப்புப் பையில் திணித்து வாயை இறுகக் கட்டினார். பிறகு ஈர மண்ணில் முழங்காலிட்டு, சிந்திய விதைப் பஞ்சை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். எழுபது வயதிருக்கும். நாங்களும் பக்கத்தில் குந்திப் பொறுக்கினோம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று இன்றும் நினைக்கிறேன்.

மார்க்கம் தங்கச்சி:
அக்கா, பம்பாஸைக் குற்றம் சொல்லாதீர்கள். காய்ந்த புல் எதுவானாலும் பற்றும், அதன்மேல் நீங்கள் ஹேர்ஸ்பிரே வேறு அடித்திருக்கிறீர்கள். தூணை நாலு முழம் தள்ளி நட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

என் கதை சின்னது. டாலியாப் பூவுக்காகவே என் கல்யாண நிறங்களைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் உறைபனி விழுந்தது. காலையில் பாத்தி முழுவதும் வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. பூக்காரப் பெண்மணி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இனிச் செய்பவர்கள் கேளுங்கள். நம்மவர்கள் புரட்டாசியைத் தவிர்ப்பதால் ஐப்பசி பிறக்கும் அக்டோபர் 17, 18 வரை காத்திருக்கிறோம். வடக்கே அல்கோன்குயின் பூங்காப் பக்கம் சர்க்கரை மேப்பிள் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்து, அக்டோபர் நடுவில் பெரும்பாலும் கொட்டிவிடும். ஆகவே வடக்கே போகாதீர்கள், ரொறன்ரோவை ஒட்டியே இடம் பாருங்கள், இங்கே நிறம் பிந்தித்தான் வரும். அக்டோபர் கடைசியில் ஆறேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பியபின் ஐந்து மணிக்கே இருட்டு. படம் எடுப்பதை மதியமே முடியுங்கள். புல்லில் கம்பளம் விரிப்பதானால் அடியில் தார்ப்பாய் போடுங்கள், இல்லாவிட்டால் பனி ஏறி, இரவல் வாங்கிய கம்பளம் நாற்றமெடுக்கும். பெரியவர்களுக்குத் தாழ்வான மேசையும் திண்டும் வேண்டாம், முழங்கால் தாங்காது, நாற்காலி போடுங்கள். ஆளுக்கொரு சால்வையைக் கூடையில் வையுங்கள். பூவை மட்டும் நம்பாதீர்கள். தோடம்பழத்தை வட்டமாய் நறுக்கி, குறைந்த சூட்டில் ஓவன் அடுப்பில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திக் கோத்தால் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரியும், உறைபனியால் ஒன்றும் ஆகாது.

மணப்பெண்ணின் அக்கா:
நாலு முழமா? அன்று அடித்த காற்றுக்குப் பத்து முழமும் போதாது, தங்கச்சி. ஓமம் வளர்க்கும் இடத்தில் காய்ந்த புல்லே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ அம்மா:
புரட்டாசியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் மகள் அந்த நிறத்துக்காகவே புரட்டாசியில் வைத்தாள். அம்மம்மாவுக்குச் சம்மதமில்லை, ஆனாலும் வந்தார். மேப்பிள் மரத்தடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, மகளே பின்னிய மக்ரமேயை முதுகில் விரித்திருந்தாள். பேத்தி இலை நிறத்துக்குப் பொருத்தமாகச் சேலை கட்டி வந்தபோது அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தாலித் தட்டு ஆசிக்காகச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டார்கள். அம்மம்மா மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். தட்டை ஏந்தி நின்ற மருமகன், மற்றவர்கள் முன்னால் நின்றதைவிடச் சற்று அதிக நேரம் அவர் முன்னால் நின்றார்.