பைத்தான், சி இணைப்பில் எண் வகைகளுக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி:
லாக் கோப்புகளின் பைட் அளவுகளைக் கூட்டும் சின்ன நூலகம் ஒன்றை சி-யில் எழுதி, பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்கப் பைத்தானோடு வரும் தொகுதி) வழியாக அழைக்கிறேன். கூட்டுத்தொகையின் முழு எண் வகை சி பக்கம் ‘லாங்’, பைத்தான் பக்கம் ‘சி_லாங்’. லினக்ஸில் சரியாக வருகிறது. அதையே விண்டோஸில் கம்பைல் செய்து ஓட்டினால், கூட்டுத்தொகை 2 ஜிபியைத் தாண்டியதும் மைனஸில் போகிறது. இரண்டும் 64 பிட் கணினிகள்தான். இரு பக்கமும் ஒரே பெயர்தானே, அப்புறம் ஏன் இப்படி?

பதில் 1:
‘லாங்’ என்ற பெயர் அகலத்தை, அதாவது எத்தனை பிட் என்பதை, சொல்வதில்லை. 64 பிட் லினக்ஸில் அது 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட்தான், 2147483647-க்கு மேல் கொள்ளாது. பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையிலும் இதே கதை: விண்டோஸில் அதன் இயல்பான முழு எண் 32 பிட்டாகவே இருந்து, 2024-இல் வந்த 2.0 பதிப்பில்தான் 64 ஆனது. இரு மொழிகளுக்கும் இடையே போய்வரும் எண்ணுக்கு அகலம் தெரியும் வகைப் பெயரையே வையுங்கள்: சி பக்கம் ‘இன்ட்64_டி’ (சி99-இலிருந்தே இருக்கிறது), பைத்தான் பக்கம் ‘சி_இன்ட்64’. ரெஸ்டைப்பையும் (சி ஃபங்ஷன் திருப்பித் தரும் வகை) மறக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் திரும்பி வருவதை சிடைப்ஸ் வெறும் ‘இன்ட்’ என்றே எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
மாற்றினேன், சரியாகிவிட்டது. மிக்க நன்றி! ஆனால் லினக்ஸில் ‘சி_இன்ட்64’-ஐ பிரின்ட் செய்தால் ‘சி_லாங்’ என்றே காட்டுகிறதே?

பதில் 1:
கவலை வேண்டாம். அங்கே 64 பிட் உள்ள வகை ‘லாங்’ என்பதால் அதற்கே இந்த இன்னொரு பெயர். விண்டோஸில் ‘சி_லாங்லாங்’ என்று காட்டும். நிரலில் அகலம் உள்ள பெயரையே எழுதுங்கள்.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பெயர்கள் இணைப்புக் கோப்போடு நிற்க வேண்டும். உங்கள் நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்துபவர் 64 பற்றி யோசிக்கவே கூடாது. அவருக்கு ‘இன்ட்’ போதும். பைத்தான் ‘இன்ட்’டுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால், சி வகையில் எண் கொள்ளுமா என்று நீங்கள்தான் இணைப்புக் கோப்பிலேயே பார்த்து எர்ரர் எழுப்ப வேண்டும். சிடைப்ஸ் பார்க்காது. ‘சி_இன்ட்32’-க்கு 2147483648 கொடுத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் -2147483648 ஆகிவிடும். சி-க்குப் பதில் ரஸ்ட் மொழியில் எழுதி, அதைப் பைத்தானோடு இணைக்கும் பைஓ3 நூலகம் வழியாக இணைத்தால், எண் கொள்ளாதபோது அதுவே ஓவர்ஃப்ளோ எர்ரர் எழுப்புகிறது; அதுதான் நியாயம்.

நாளைக்குச் சராசரி கணக்கிடப் போகிறீர்கள் என்றால் தசம எண் வகையான ‘ஃப்ளோட்’டிலும் கவனம். பைத்தான் ‘ஃப்ளோட்’ என்பது சி-யின் ‘டபுள்’ (64 பிட்); சி-யின் ‘ஃப்ளோட்’ 32 பிட்தான், துல்லியம் குறைவு. பெயர் ஒத்துப்போகிறதே என்று சி பக்கமும் ‘ஃப்ளோட்’ போட்டால், உள்ளே போகும் 16777217 வெளியே வரும்போது 16777216 ஆக இருக்கும்.