காற்று இருக்க ஆலையை நிறுத்துவதற்கு ஒரு சொல்

கல்லடி டீச்சர், திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் காற்று மின்சாரம் பற்றி எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை போட்டோக்கொப்பிக் கடைக்குப் போக வேண்டும். மன்னார் தம்பபவனி காற்றாலையை உதாரணமாக எடுத்தேன்: 30 சுழலிகள், 103.5 மெகாவாற், 2020 டிசம்பரில் திறந்தது. எல்லாம் நன்றாகப் போய், கேர்ட்டெயில்மென்டில் வந்து நின்றுவிட்டது. காற்று வீசுகிறது, ஆலையில் பழுதில்லை, ஆனாலும் வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைக்கிறோம். 'மின்வெட்டு' என்று எழுதினால் பிள்ளைகள் வீட்டு விளக்கை நினைப்பார்கள். என்ன எழுதலாம்?

கல்முனைப் பொறியியலாளர் (இளைப்பாறியவர்)

மட்டுப்படுத்தல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை மகள். கம்பி ஓரளவுக்கு மேல் தாங்காது. தேவை குறைந்த நாளில் உற்பத்தி கூடினால் மின்னின் அதிர்வெண் இருக்க வேண்டிய 50 ஹேர்ட்ஸைத் தாண்டி ஏறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் போட்டவர்களைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டதே, அதுவும் இதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டது. அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது.

காரைதீவு வாத்தியார்

மட்டுப்படுத்தல் சொல்லல்ல, விளக்கம். ஒரு கலைச்சொல் என்றால் அதிலிருந்து வினையும் எச்சமும் தொகையும் முளைக்க வேண்டும். 'ஒறுப்பு' எடுங்கள். ஒறுத்தது, ஒறுத்த மின், ஒறுப்பு வீதம் என்று எல்லாம் வரும். 'ஒறுத்தாற்றும் பண்பினார்' என்று குறளிலேயே இருக்கிறது. 1930களில் சென்னையில் கலைச்சொல் வேலைக்கு முன்னின்ற விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல் தேடுவோம்.

கல்லடி டீச்சர்

சேர், என் வகுப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒறுத்தல் என்றால் தபசுகாலத்தில் இறைச்சியை விடுவது. 'காற்றாலையும் தபசு இருக்குமா டீச்சர்' என்று கேட்டால் நான் எங்கே போவது?

முப்பந்தலிலிருந்து ஒருவர்

தமிழ்நாட்டில், எங்கள் காற்றாலைப் பக்கத்தில் 'பேக்டவுன்' என்றுதான் பேச்சு. ஆடிக் காற்றில் பேக்டவுன் வந்தால் வயிறெரியும். அப்புறம், டீச்சரின் குறிப்பில் டிரான்ஸ்மிஷனுக்கு 'ஊடுகடத்தல்' என்று கண்டேன். எங்கள் ஊரில் கடத்தல் என்றால் தங்கம்தான். மின் தொடரமைப்பு என்று எழுதலாமே?

கல்முனைப் பொறியியலாளர்

ஊடாகக் கடத்துவதால் ஊடுகடத்தல். எங்கள் பிள்ளைகள் பௌதிகத்தில் படிப்பது அதைத்தான். தொடரமைப்பில் எது எதைத் தொடர்கிறது?

கல்லடி டீச்சர்

கடத்தலா தொடரமைப்பா என்ற சண்டைக்கு மட்டும் இன்று ஒன்பது மடல் வந்திருக்கிறது. அதைத் தனி இழையாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை.

சம்மாந்துறை வட்டைக்காரர்

நான் படித்த ஆள் இல்லை, விவசாயம். நீங்கள் சொல்வது எங்கள் வட்டையில், வயல்வெளியில், அன்றாட வேலை. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வரும், கீழ்வயல் வரம்பு தாங்காது. அப்போது வக்கடையில், அதாவது வரம்பில் தண்ணீர் விடுகிற வாயில், ஒரு பிடி வைக்கோலைத் திணித்து, மேலே இரண்டு மண்வெட்டி சேறு போட்டு, காலால் மிதித்துவிடுவோம். வைக்கோல் இல்லாமல் வெறும் சேறு வைத்தால் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். தண்ணீர் இல்லாமல் அடைப்பதில்லை, போக இடமில்லாமல் அடைப்பது. வக்கடை கட்டுதல் என்று எழுதினால் என்ன?

காரைதீவு வாத்தியார்

ஆகா! வக்கடை என்பது வாய்க்கடை. வாயின் கடை, அதாவது நீர் நுழையும் வாசல். புறங்கடை என்பதில் வரும் அதே கடை. அக்கரையில், தமிழ்நாட்டில், இதையே வாய்மடை என்பார்கள், பேச்சில் வாமடை. ஆகவே இரண்டு கரைக்கும் பொதுவாக 'மடையடைப்பு'. ஒறுப்பை விட்டுவிடுகிறேன். 'வளிதொழில் ஆண்ட' என்று காற்றை வேலை வாங்கியதைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். காற்றுக்கு மடை கட்டுவது நமக்குப் புதிதா என்ன?

கல்லடி டீச்சர்

அழகுதான் சேர். ஆனால் வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு மடை என்று படையல் வைக்கிற ஊர் இது. பின்வாங்கிலிருந்து ஒருவன் 'மடையன் அடைப்பு' என்பான், அன்றைய பாடம் முடிந்தது.

பொத்துவிலிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கம்பியையே பேசுகிறீர்கள். நான் குமணப் பக்கம் பறவை பார்ப்பவன். ஆலையைப் பறவைக்காகவும் நிறுத்துவதுண்டு. முழு வேகத்தில் சுழலி இறகின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றரைத் தாண்டும். கீழிருந்து பார்த்தால் சோம்பலாகச் சுற்றுவது போலத்தான் தெரியும், கூழைக்கடாவுக்கும் அப்படித்தான் தெரியுமோ என்னவோ. காற்று மெல்ல வீசும் இரவில் வௌவால் அதிகம் அடிபடும். சுழலி தொடங்கும் காற்று வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே அந்தச் சாவு பாதிக்குக் குறைகிறது என்று வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்கள். மன்னாரில் பெருங்காற்று மே முதல் செப்டம்பர் வரை. வலசைப் பறவைகள் பெரும்பாலும் வருவது ஒக்டோபரை ஒட்டி. ஆகவே அவற்றுக்காக நிறுத்துவதில் நட்டம் நினைக்கிற அளவுக்கு இராது. பூநாரைக்கு ஆலையைவிடக் கம்பி ஆபத்து, இருட்டில் பறக்கும்போது தெரியாது. டீச்சர் 'புலம்பெயர் பறவை' என்று எழுதியிருக்கிறீர்கள். புலம்பெயர்ந்தது ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான். பறவைக்கு வலசை. சரி, கேள்விக்கு வருகிறேன்: பறவைக்காக நிற்பதற்கு 'வழிவிடல்' என்று தனிச்சொல் வேண்டும்.

கல்முனைப் பொறியியலாளர்

தம்பி, மீற்றருக்குப் பறவையும் ஒன்றுதான் கம்பியும் ஒன்றுதான். போன அலகு போனதுதான். ஒரு செயலுக்கு இரண்டு பெயர் வேண்டாம்.

பொத்துவிலிலிருந்து

பொறியியலாளர் காக்கா, மீற்றர் அப்படிச் சொல்லும், பிள்ளைக்கு அப்படிச் சொல்லலாமா? கம்பி போதாவிட்டால் இன்னொரு கம்பி இழுக்கலாம். பறவையின் பாதையில் ஆலையை நட்டுவிட்டால் இருபது வருடத்துக்கு நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும். இடத்தெரிவில் விட்ட பிழைக்குக் கட்டுகிற தண்டம் அது.

காரைதீவு வாத்தியார்

தண்டம் என்றால் ஒறுப்புத்தானே! திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கல்லடி டீச்சர், வியாழன் இரவு

பதில் சொன்னவர்களில் ஐந்து பேர் மட்டுப்படுத்தல் என்கிறார்கள், அதில் இரண்டு பேர் 'முடித்தால் போதும்' என்றும் எழுதியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன். பறவைக்கு 'வழிவிடு நிறுத்தம்', அடைப்புக்குறிக்குள். வக்கடையைப் படமாக வரைந்து சேர்த்திருக்கிறேன், வைக்கோலும் உண்டு.

காரைதீவு வாத்தியார், வெள்ளி அதிகாலை

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மட்டு என்றால் அளவு என்று மட்டும் நினைக்காதீர்கள். சங்கத்தில் மட்டு என்றால் கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் ஆலைக்குக் கள் ஊற்றுகிறீர்கள். மட்டக்களப்பில் உள்ள மட்டு இதில் எது என்பதை விரிவாக எழுத இருக்கிறேன், மூன்று பகுதிகளாக வரும்.

கல்லடி டீச்சர்

சேர், ஐந்தாம் பக்கம் அடித்தாயிற்று.