அடி ஊறிப்போன பை

நான்: அக்கா, அடிலெய்டில் என் முதல் பீஃப் பை, மாவுக்குள் மாட்டுக்கறி வைத்து ஓவனில் சுடுவது. மேல் மூடி நன்றாக வந்துவிட்டது. அடி மட்டும் களி மாதிரி இருக்கிறது.

[படம்]

மாமா: என்ன பை, மஞ்சப்பையா?

அம்மா: கேலி பண்ணாதீங்க அண்ணா. மக்களே, இறைச்சி வெந்ததா?

நான்: வெந்தது அம்மா. வெட்டினால் எல்லாம் வழிகிறது, அதுதான் சிக்கல்.

அக்கா: லே, கறியைச் சூட்டோடு ஊற்றினாயா?

நான்: ஆமாம், அடுப்பிலிருந்து நேராக.

அக்கா: அதுதான். பஃப் ஷீட்டில் மாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். ஓவனுக்குள் போகும் முன்பே கொழுப்பு உருகினால் அடுக்கு எப்படிப் பிரியும்? உன் படத்தில் கறி வேறு குழம்பாக ஓடுகிறது. தொக்குப் பதம் வர வேண்டும். சட்டியில் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது.

சித்தி: பஃப் ஷீட் என்றால் நம் பேக்கரி பப்ஸ் மாவுதானே?

அக்கா: அதேதான் சித்தி. இங்கே உறைய வைத்த சதுரமாகக் கடையில் கிடைக்கும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

அம்மா: அளவு சொல்லு, எழுதிக்கொள்கிறேன்.

அக்கா: அரை கிலோ கொத்துக்கறி. முதலில் அதை மட்டும் சட்டியில் போட்டு, நீர் வற்றி நன்றாகச் சிவக்கும் வரை வறுங்கள். அவசரப்பட்டால் அவித்த ருசிதான் வரும். அப்புறம் வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று, எல்லாம் பொடியாக நறுக்கியது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிக் கிளறி, ஒன்றரை கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், உப்பு, மிளகுத்தூள். 20 நிமிடம் சிறு தீயில். கடைசியில் ஒரு கை பட்டாணி. இறக்கி முழுதாக ஆற விடுங்கள்.

மாமா: வூஸ்டர் சாஸில் என்னம்மா இருக்கிறது?

அக்கா: புளி, நெத்திலி வகை மீன், வினிகர் எல்லாம் இருக்கிறது மாமா.

மாமா: புளியும் நெத்திலியுமா! அப்போ நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

சித்தி: கரம் மசாலா போடலாமா?

அக்கா: போடலாம், ஆனால் அது திரும்பவும் பப்ஸ் ஆகிவிடும். ஒரு தடவை மிளகோடு நிறுத்திப் பாருங்கள். இந்த ஊரில் மேலே தக்காளி சாஸ் ஊற்றித்தான் தின்பார்கள். கால்பந்து மைதானத்தில் தட்டு கூடக் கிடையாது, கையில் பிடித்தே தின்பார்கள்.

நான்: சரி, அடிக்கு என்ன வழி?

அக்கா: அடியே வேண்டாம். கறியைப் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மேலே மட்டும் ஷீட்டை மூடு. ஆவி போக இரண்டு கீறல், முட்டை தடவல், 200 டிகிரியில் 25 நிமிடம். நான் வேலைநாளில் இப்படித்தான் செய்வேன். அடியும் வேண்டுமென்று அடம்பிடித்தால், ஓவன் சூடாகும்போதே ஒரு இரும்புத் தட்டை உள்ளே வைத்துவிடு. பை பாத்திரத்தை அந்தச் சூட்டுத் தட்டின் மேல் வை.

அம்மா: இன்றைக்குச் செய்ததைக் கொட்டிவிடாதே மக்களே.

அக்கா: உள்ளே இருப்பதை வழித்துச் சட்டியில் வற்ற வை. மூடியை அதோடு தொட்டுச் சாப்பிடு.

நான்: மூடியை எப்போதோ தின்றுவிட்டேன்.

அம்மா: சோறு வடி. பிசைந்து சாப்பிடு.