ஆழத்தில் புதைந்த ஒற்றை நாணயத்துக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

செம்மண்காடன்:
ஆழத்தில் கிடக்கும் பழைய நாணயங்களைத் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று புதியவர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு நண்பர் வெண்காசு அளித்த பதில் இதுதான்: "பல அதிர்வெண் கருவி ஒன்றை வாங்குங்கள், ஒற்றை நாணயத்தைக்கூட நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் காட்டிவிடும்." இப்படி ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போவதையும், அதை நம்பி இன்னொருவர் சேமிப்பைக் கொட்டுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளான காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. நாணயத்தில் எழும் சுழல் மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலமும் அப்படியே குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு, அதாவது ஆழம் இரட்டித்தால் சிக்னல் 64 மடங்கு மெலியும். இருபது சென்டிமீட்டரில் தெளிவாக ஒலிக்கும் ஒரு சிறு வெள்ளிக்காசு நாற்பதில் என்ன ஆகும் என்பதை அந்தப் புதியவருக்கு யார் சொல்வது?

வெண்காசு:
சொன்னதையே மீண்டும் சொல்கிறேன்: நாற்பது. காசை எடுத்த கையோடு குழிக்குள் அளவுகோலை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் கருவி 2018-இல் வந்த பிறகு, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் வசதி நடுத்தர விலைக் கருவிகளிலும் கிடைத்துவிட்டது. தாழ்ந்த அதிர்வெண் தடித்த வெள்ளியையும் செம்பையும் நன்றாகப் பிடிக்கும், உயர்ந்த அதிர்வெண் மெல்லிய சிறு காசுகளைப் பிடிக்கும், இரண்டின் பதிலையும் ஒப்பிட்டு மண்ணின் இரைச்சலைக் கருவியே கழித்துவிடும். இதெல்லாம் தெரியாமல், மண்ணில் இறங்காமல், காகிதத்தில் மும்மடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

செம்மண்காடன்:
மண்ணில் இறங்காதவன் என்று என்னைச் சொல்வதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள். அளவுகோலை எங்கிருந்து எங்கே வைத்தீர்கள்? தோண்டிப் போட்ட மண் குழியின் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குக் குவிந்திருக்கும், அதன் உச்சியிலிருந்து அளந்தால் எந்தக் குழியும் நாற்பதைத் தொட்டுவிடும். பெரும்பாலும் காசு குழியின் பக்கச் சுவரில் பாதி ஆழத்தில் ஒட்டியிருக்கும், மண்வெட்டி அதைப் பெயர்த்து அடியில் தள்ளும், நாமும் அடியிலிருந்து எடுத்ததாகவே நினைத்துக்கொள்வோம். காசு கிடந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்திலிருந்து அசையாத தரைமட்டம் வரை அளந்தால்தான் அது ஆழம். அப்படி அளந்தீர்களா?

வெண்காசு:
நாற்பது என்றால் நாற்பதுதான். எனக்கு அளக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சுருள்விசை:
இருவரையும் ஒரு நிமிடம் நிறுத்தி, செம்மண்காடன் அவர்களின் 64 தவறு என்பதைப் பதிவு செய்கிறேன். காயிலின் அளவைவிடத் தூரம் மிக அதிகமாக இருந்தால்தான் ஆறாம் அடுக்கு விதி முழுமையாகப் பொருந்தும். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் காயிலை எடுத்துக்கொண்டால் ஆரம் 14. நடு அச்சில் கணக்கிட்டால், இருபதிலிருந்து நாற்பதுக்குப் போகும்போது சிக்னல் ஏறத்தாழ 27 மடங்குதான் குறையும். 64-க்கும் 27-க்கும் வேறுபாடு தெரியாமல் புதியவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே மையத்தில் இரு வட்டச் சுருள்கள் கொண்ட கான்சென்ட்ரிக் காயில் பற்றிய பழைய விவாதத்திலும் இவர் இப்படித்தான் முதலில் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மழுப்பினார்.

செம்மண்காடன்:
கான்சென்ட்ரிக் விவாதத்தில் நான் மழுப்பவில்லை. இரும்புத்தாது கலக்காத மண்ணில் கான்சென்ட்ரிக் காயில் நன்றாக வேலை செய்யும், தாது மிகுந்த மண்ணில், D வடிவச் சுருள்கள் இரண்டு சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும் டபுள் டி காயில்தான் தாக்குப்பிடிக்கும் என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நீங்கள்தான் பாதியில் எழுந்து போனீர்கள். 27 என்றே வைத்துக்கொள்வோம், அதனால் வெண்காசின் நாற்பது பிழைத்துவிடுகிறதா? நாணயத்தின் பதில் 27-இல் ஒரு பங்காகிவிடுகிறது, மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களின் பதிலோ காயிலுக்கு அடியிலேயே அப்படியே இருக்கிறது. காசின் குரலை அமுக்குவது அந்த இரைச்சல்தான். சக்தியைக் கூட்டினால் ஆழம் கூடும் என்று விளம்பரங்கள் சொல்வதும் இந்த இடத்தில்தான் உடைகிறது. அனுப்பும் புலத்தை இரட்டிப்பாக்கினாலும் ஆறாம் அடுக்குக் கணக்கில் ஆழம் ஏறத்தாழ 12 விழுக்காடுதான் கூடும், அதோடு மண்ணின் பதிலும் சேர்ந்து இரட்டிக்கும். காற்றில் காசைப் பிடித்து ஆட்டிப் பார்த்து இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வது தாது மிகுந்த மண்ணில் ஒன்றுக்கும் உதவாது.

சுருள்விசை:
ஆக, 64 தவறுதான்.

கடலோரன்:
நீங்கள் மூவரும், தாழ்ந்த அதிர்வெண் அலையை இடைவிடாமல் அனுப்பும் வி.எல்.எஃப் கருவியைச் சுற்றியே சண்டை போடுகிறீர்கள். ஆழம்தான் குறி என்றால் பல்ஸ் இண்டக்ஷன் கருவியைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? அது மின்னோட்டத்தைத் துடிப்பாக அனுப்பி, நிறுத்திவிட்டு, உலோகத்தில் எழுந்த மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்பதைக் கேட்கிறது. உப்பு ஊறிய கடல் மணலும் தாது மண்ணும் அந்த இடைவெளிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், உலோகம் மட்டும் தொடர்ந்து பேசும். தாது மிகுந்த மண்ணில் எந்த வி.எல்.எஃப் கருவியும் அதன் ஆழத்துக்கு வராது. வெண்காசு சொல்லும் நாற்பதை எட்ட முடியும் என்றால் இதனால் மட்டுமே முடியும்.

வெண்காசு:
நாற்பதை எட்ட முடியும் என்று கடலோரனே ஒப்புக்கொண்டார், கவனியுங்கள்.

கடலோரன்:
உங்கள் கருவியால் எட்ட முடியும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததை என் தலையில் கட்டாதீர்கள்.

செம்மண்காடன்:
கடலோரன் பாதியைத்தான் சொன்னார். பல்ஸ் இண்டக்ஷனில் இரும்பையும் வெள்ளியையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது. ஆணியும் லாடமும் வெள்ளிக்காசைப் போலவே நீண்டு ஒலிக்கும். ஆள் நடமாட்டமிருந்த பழைய குடியிருப்பு மண்ணில் காலடிக்கு ஓர் ஆணி கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் முழங்கை ஆழம் தோண்டினால் பொழுது சாயும் முன் முதுகு ஒடிந்துவிடும். குப்பை குறைந்த கடற்கரைக்கு அதை வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் எந்த மண்ணில் தேடப்போகிறார் என்று ஒருவராவது விசாரித்தீர்களா? மண்ணைக் கேட்காமல் கருவியைச் சொல்வது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

வெண்காசு:
ஆழம் முடியாது என்கிறவர் இதற்கு விடை சொல்லட்டும். 2012-இல் ஜெர்சி தீவில், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் கிடந்த பழங்காசுகளை மெட்டல் டிடெக்டர் வைத்துத்தானே கண்டுபிடித்தார்கள்? ஒரு மீட்டரை ஒப்புக்கொள்கிறவர்கள் நாற்பதுக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

செம்மண்காடன்:
ஜெர்சியில் கிடைத்தது ஏறத்தாழ 70,000 காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய, முக்கால் டன் எடையுள்ள ஒரே கட்டி. இங்கிலாந்தில் ஃப்ரோம் அருகே 2010-இல் கிடைத்ததும் அப்படித்தான், ஒரே பானைக்குள் 52,503 ரோமானியக் காசுகள். கருவிக்கு அது காசாகத் தெரியாது, பெரிய உலோகப் பொருளாகத் தெரியும். பொருளின் பரப்பு கூடக் கூடப் பதிலும் பெருகும். புதையல் பானையைத் தேட இரண்டு பெட்டிக் கருவி என்றே தனியாக ஒன்று இருக்கிறது, அது ஒற்றைக் காசைக் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் முதலில் எழுதிய சொல் "ஒற்றை நாணயம்". இப்போது பானைக்குத் தாவுகிறீர்கள்.

வெண்காசு:
தாவவில்லை. ஆழம் என்றால் ஆழம்தான்.

பழையகாது:
எண்களை விட்டுவிட்டுக் காதுக்கு வாருங்கள். ஆழத்துக் காசின் ஒலி கணீரென்று வராது. பின்னணியில் மெல்ல ஓடும் ஒலியில் ஒரு சிறு விம்மல் எழும், உலோக வகையைக் காட்டும் எண் திரையில் நிலைக்காது, பல வேளை இரும்பின் எண்ணுக்கே சரியும். இரும்பைத் தள்ளும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்திருப்பவர் அந்தக் காசை மிதித்துக்கொண்டே கடந்துபோவார். அதை அறவே நீக்கிவிட்டு, ஹெட்போனை மாட்டி, மண்ணின் பதிலைக் கருவி கழிக்கும்படி தரைச் சமன் செய்து, காயிலைத் தரையோடு உரச விட்டு மெதுவாக வீசினால், நீங்கள் பழிக்கும் பழைய ஒற்றை அதிர்வெண் கருவியே போதும். கருவியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் காயிலை ஒரு சாண் தூக்கி வீசுகிறார்கள், அந்த ஒரு சாண் யார் கணக்கில் சேரும்?

சுருள்விசை:
சின்னக் காயிலையா பெரிய காயிலையா மாட்டச் சொல்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் காது, விம்மல் என்று எழுதினால் கேட்டவர் எதை வாங்குவார்?

செம்மண்காடன்:
அதை நான் சொல்கிறேன். குப்பையில்லாத திறந்த வெளியில் 33 முதல் 38 சென்டிமீட்டர் வரையுள்ள டபுள் டி காயில் ஒற்றைக் காசுக்குச் சற்று ஆழம் கூட்டித்தரும், ஆனால் அதே காயில் கூடுதல் மண்ணையும் பார்ப்பதால் தாது மிகுந்த இடத்தில் கூட்டியதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும். ஆணிகள் நெருங்கிய இடத்தில் பெரிய காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இரும்புகள் வந்துவிடும், அவற்றுக்கு நடுவே கிடக்கும் காசு வாய் திறக்காது. அங்கே 23 சென்டிமீட்டருக்கு உட்பட்ட காயிலே அதிகக் காசுகளைத் தரும். பழையகாது சொன்ன டிஸ்கிரிமினேஷன் விஷயத்தில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பழைய ஒற்றை அதிர்வெண் கருவியே போதும் என்பதை ஏற்க மாட்டேன். உப்பு ஈரமும் தாதுவும் சேர்ந்த மண்ணில் அது கத்திக்கொண்டே இருக்கும், ஹெட்போன் மாட்டினால் அந்தக் கத்தல்தான் காதில் விழும்.

பழையகாது:
கத்துகிறது என்றால் கருவியின் உணர்திறனான சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். குறைத்துப் பாருங்கள், ஆழம் கூடும்.

வெண்காசு:
குறைத்தால் கூடுமாம்! நான் உச்சத்தில் வைத்துத்தான் நாற்பதை எடுத்தேன்.

பழையகாது:
இரைச்சல் மிகுந்த மண்ணில் குறைத்தால்தான் கூடும். உச்சத்தில் வைத்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

செம்மண்காடன்:
வெண்காசு, காசின் விட்டம் என்ன, எந்த அளவுக் காயில், மண்ணில் தாது எவ்வளவு, படுத்துக் கிடந்ததா செங்குத்தாக நின்றதா? செங்குத்தாக நிற்கும் காசு, மேலிருந்து வரும் புலத்துக்குத் தன் விளிம்பை மட்டுமே காட்டும், பதில் வெகுவாகக் குறையும். நான்கில் ஒன்றுக்குக்கூட நீங்கள் விடை தரவில்லை.

வெண்காசு:
விடை முதல் பதிவிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

சுருள்விசை:
அப்படியே செம்மண்காடன் அவர்களும் தம் முதல் பதிவிலுள்ள 64-ஐத் திருத்திவிட்டால் நன்றாக இருக்கும்.

செம்மண்காடன்:
திருத்த மாட்டேன். தொலைவில் அந்த விதி சரிதான், நீங்கள் கேட்பது அருகில் நடப்பதை. கடலோரன், தங்கக் காசும் வெள்ளிக் காசும் உங்கள் கருவியில் எப்படி வேறுபடும் என்று கேட்க விட்டுவிட்டேன், அதற்காவது பதில் எழுதுங்கள்.

கடலோரன்:
தணியும் நேரத்தில் வேறுபடும். தடித்த வெள்ளி மெதுவாகத் தணியும், மெல்லிய தங்கம் விரைவில் தணியும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல்தான் என் கருவிக்கு ஆணி பொறுக்கும் வேலை கொடுத்தீர்களா?