போரோன் காபைட் நொசலா, டங்ஸ்டனா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹட்டனிலிருந்து:
நோர்ட்டன் பக்கம் நீர்மின் நிலையத்துக்கு இறங்கும் இரும்புக் குழாயில், ஹோஸ் முனை நொசல் வழியாக அழுத்தக் காற்றோடு கரடான துகளை அடித்துத் துரு எடுக்கும் வேலை. ரொம்ப நாள் உழைக்கும் என்று போரோன் காபைட் நொசல் இரண்டு வாங்கினேன். இரண்டாம் நாளே ஒன்று போய்விட்டது. சரிவில் கால் ஊன்ற இடமில்லை. பையன் ஹோஸைக் கை மாற்றும்போது நொசல் கருங்கல்லில் விழுந்தது. வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே தொண்டையில், அதாவது துவாரம் ஒடுங்கும் இடத்தில், மயிரிழை போல வெடிப்பு. 100 பிஎஸ்ஐ அழுத்தக் காற்றில் அதை வைத்து அடிப்பது உயிருக்கே ஆபத்து. அந்த நிமிசமே கழற்றிவிட்டேன்.

பிறகு டங்ஸ்டன் காபைட்தான். பாரம் கூட, பின்னேரம் மணிக்கட்டு கடுக்கும். கார்னட் கல்துகள் அடித்தால் போரோனைவிட வேகமாகத் தேயும். ஆனால் விழுந்தால் தாங்கும். சரிவில் எனக்கு அதுதான் பெரிசு.

தேய்மானம் பார்க்க 7/16 அங்குல டிரில் பிட் ஒன்று பையில் இருக்கும். 6ஆம் நம்பர் நொசலின் தொண்டை புதிதில் 3/8 அங்குலம். காலையில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பார்ப்பேன். நுழைந்தால் அன்றோடு அந்த நொசலைக் கழித்துவிடுவேன். 1/16 அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். துவாரத்தின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது, அதே அழுத்தத்துக்குக் காற்றும் அவ்வளவு கூட வேண்டும். கொம்பிரசர் மூச்சுத் திணறும், டீசல் போகும், துரு போகாது.

கண்டியிலிருந்து:
அண்ணே, சரிவுக்கு நீங்கள் சொல்வது சரி. நான் வேர்க்‌ஷொப்புக்குள் தேயிலை ஃபெக்டரிச் சாமான்கள் அடிக்கிறேன், அலுமினியம் ஒக்சைட் துகளில். அதற்கு டங்ஸ்டன் நின்று பிடிக்காது, போரோன்தான். சுவரில் நொசலுக்கென்று மரக்கொக்கி அடித்திருக்கிறேன், தரையில் வைக்க யாரையும் விடமாட்டேன். பீங்கான் நொசல் சின்னப் பெட்டிக்குள் பொடிக் கண்ணாடி உருண்டைகளை அடிக்க மட்டும்.

நானுஓயாவிலிருந்து:
எங்கள் பக்கம் பனிமூட்டம்தான் வில்லங்கம். காற்றோடு ஈரம் வந்தால் கார்னட் கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும். அடைப்பை ஆணியால் குத்தி ஒரு நொசலின் போரோன் லைனரை (உள் உறையை) உடைத்திருக்கிறேன். இப்போது கொம்பிரசருக்கு அடுத்து ஈரம் பிரிக்கும் பாத்திரம் வைத்திருக்கிறேன், மணிக்கொரு தடவை தண்ணீரைத் திறந்துவிடுவோம்.

ஹட்டனிலிருந்து:
கண்டித் தம்பி, அந்த மரக்கொக்கியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மிச்சமிருக்கும் போரோனுக்குச் சாரத்திலேயே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்.